படலைக்குள் வள்ளம்

எங்கட பக்கம் 'கராஜ்' என்றால் வாகனம் திருத்துகிற இடம். ஒயில் ஊறிக் கறுத்த மண், கழற்றிப் போட்ட ரயர், தகரக் கூரை, கையைத் துடைக்க ஒரு பழைய சாரத்துண்டு. வீட்டோடு சேர்த்து வாகனம் விடுகிற அறைக்கு எங்களிட்டச் சொந்தமாக ஒரு சொல் கிடையாது. காசுள்ளவர்கள் 'போட்டிக்கோ' கட்டுவார்கள், மற்றவர்கள் மாமரத்துக்குக் கீழே விடுவார்கள். கனடாவிலும் நோர்வேயிலும் இருக்கிற சொந்தக்காரர் வீடியோ கோலில் காட்டுகிற வீடுகளில்தான் அந்த அறை இருக்கிறது. அங்கே சிலர் அதற்குள் படகே வைத்திருக்கிறார்கள். சனிக்கிழமை ஏரிக்குக் கொண்டுபோய், ஞாயிறு பின்னேரம் காருக்குப் பின்னால் கொழுவி இழுத்து வந்து, பின்பக்கமாக உள்ளே தள்ளி விடுவார்கள். அப்படி நேராகத் தள்ள முடியாமல் புருசனும் பெண்சாதியும் சண்டை பிடிக்கிற வீடியோக்கள் யூரியூப்பில் ஏராளம்.

தண்ணீரூற்றிலும் வளவுக்குள் படகு நிற்கிற வீடுகள் இருக்கின்றன. ஏ-34 வீதியால் முள்ளியவளை தாண்டிக் கிழக்கே போனால் முல்லைத்தீவுக் கடல் பத்துக் கிலோமீற்றருக்குள்தான். நந்திக்கடல் இன்னும் கிட்ட, வற்றாப்பளைக்கு அங்கால். ஆனால் இது வயலும் கிணறும் தோட்டமுமான ஊர். நல்ல தண்ணிக்குப் பெயர் வாங்கிய ஊரில் உப்புத்தண்ணிக்குரிய சாமான் ஏன் வந்து நிற்கிறது? அந்தப் பாரத்தை, அந்த ஒழுங்கைக்குள்ளால், அந்தப் படலைக்குள் எப்படிக் கொண்டு வந்தார்கள்? இரண்டு கேள்விக்கும் பதில் தேடப் போனால் கதை கொஞ்சம் நீளமாகப் போகிறது.

முதலில் கரையைப் பார்ப்போம். முல்லைத்தீவுக் கரைக்குத் துறைமுகம் இல்லை. திறந்த மணல், நேரே அடிக்கிற அலை. வாடைக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளிக்கும்போது படகை நங்கூரம் போட்டு விட்டுவிட்டு வீட்டில் நித்திரை கொள்ள முடியாது. அதனால் இந்தக் கரையில் கடற்தொழில் என்பது பாதி கடலிலும் பாதி மணலிலும் நடக்கிற வேலை. ஒவ்வொரு நாளும் படகைத் தண்ணிக்குள் தள்ளவேணும், ஒவ்வொரு நாளும் திரும்ப மேலே ஏற்றவேணும். 1950களின் கடைசியில் இலங்கை அரசாங்கம் மூன்றரைத் தொன் இயந்திரப் படகுகளை மீனவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கியபோது, அவை ஒதுங்கி நிற்க இடமுள்ள கரைகளுக்குத்தான் பொருந்தின. மூன்றரைத் தொன்னை மணலில் யார் இழுக்கிறது?

இந்தச் சிக்கலுக்கு மிகப் பழைய விடை கட்டுமரம். அதைப் பற்றிப் பேசும்போது கடலில் அது எப்படி ஓடும் என்றுதான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அதன் கரைக் கணக்குத்தான் பிடிக்கும். கட்டுமரம் என்றால் கட்டிய மரம், கட்டை அவிழ்த்தால் அது படகே இல்லை, நாலைந்து மரக்குற்றி. கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து, குற்றி குற்றியாகத் தோளில் தூக்கி, வெயிலில் காயப் போட்டுவிடலாம். மொத்தமாகத் தூக்க முடியாத பாரத்தைப் பிரித்துத் தூக்குகிற புத்தி அது. ஆங்கிலத்துக்கு 'கட்டமரான்' என்ற சொல்லைக் கொடுத்தோம் என்று பெருமைப்படுகிற நாங்கள், அந்தச் சொல்லுக்குள் இருக்கிற 'கட்டு' எதற்கென்று யோசிப்பது குறைவு.

குடைந்த மரவள்ளத்தை அப்படிப் பிரிக்க முடியாது. மலையாளக் கரையிலிருந்து வந்த அந்த வள்ளங்களுக்குத் தேவைப்பட்டது ஆள்பலம். கீழே உருளைக்கட்டை, இரண்டு பக்கமும் தோள், ஒரே நேரத்தில் எல்லோரும் உந்துவதற்கு ஒரு குரல். அம்பாப் பாட்டு இருந்த காரணமே அதுதான். இண்டைக்கு அதை மேடையில் நாட்டார் பாட்டாகப் பாடும்போது கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனால் கரையில் அதுதான் இயந்திரத்தின் கிளச்சு. இருபது பேரின் மூச்சை ஒரே நொடியில் கொழுவிவிடுகிற வேலை அதற்கு.

பிறகு பைபர் வந்தது. 1960களின் கடைசியில் நோர்வேக்காரரின் உதவியோடு தொடங்கிய சீநோர் நிறுவனத்தின் படகுத்துறை காரைநகரில் இருந்தது. வடக்குக் கரைகளில் கண்ணாடிநார்ப் படகு பரவியதில் அதற்குப் பெரிய பங்குண்டு. பதினெட்டு அடியிலிருந்து இருபத்துமூன்று அடி வரை நீளம், பின்னால் கொழுவுகிற இயந்திரம். வேலை முடிந்ததும் இயந்திரத்தைக் கழற்றித் தோளில் வைத்தோ சைக்கிளில் கட்டியோ வீட்டுக்குக் கொண்டு போகலாம். ஆக, பெறுமதியான பாதி ஏற்கனவே வீட்டுக்கு வரத் தொடங்கிவிட்டது. கூடு மட்டும் கரையில் நின்றது. மரத்தை விடப் பாரம் குறைவுதான். ஆனாலும் ஆறு பேர் பிடித்தால் அசையாது.

கப்பலைத் தரையில் இழுத்த வரலாறு உலகத்தில் நிறைய இருக்கிறது, இரண்டை மட்டும் சொல்லுறன். கிரேக்கத்தில் கொரிந்து நிலஇடுக்கின் குறுக்கே ஏறத்தாழ கி.மு. 600 அளவில் கல் பாவிய ஒரு பாதை போட்டார்கள், 'டியோல்கொஸ்' என்று பெயர். தெற்கே சுற்றிப் போகிற ஆபத்தான கடல் பயணத்தை மிச்சம் பிடிக்க, கப்பல்களைத் தரையால் இழுத்து மற்றப் பக்கக் கடலில் இறக்கினார்கள். கல்லில் பதிந்த தடங்கள் இப்பவும் தெரிகின்றன. மற்றது 1453 ஏப்ரல் 22. கொன்ஸ்தாந்திநோபிளின் துறைமுக வாயிலைச் சங்கிலி போட்டு மறித்திருந்தார்கள். 21 வயதுச் சுல்தான் இரண்டாம் மெஹ்மெத், ஏறத்தாழ 70 கப்பல்களைக் கொழுப்புப் பூசிய மரங்களின் மேல் ஏற்றி, மாடுகளும் மனிதர்களும் இழுக்க, கலாட்டா மேட்டைத் தாண்டி உள்ளே இறக்கினார். சுல்தானின் வயதுகூட எங்களுக்குத் தெரியும், இழுத்தவர்களில் ஒருவரின் பெயரும் தெரியாது. பாரம் இழுத்த வரலாறு எங்கேயும் இப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. வன்னியிலும் வேறு மாதிரி இல்லை.

வன்னிக்குச் சில்லு புதிது இல்லை. மாட்டுவண்டில் இருந்தது. ஆனால் வண்டிலுக்கு ஒரு குணம் உண்டு: முன்னுக்குப் போகும், பின்னுக்கு ஒழுங்காகப் போகாது. பூட்டின மாட்டைப் பின்னால் நடக்கவைத்து வண்டிலைப் படலைக்குள் விடுவது நடக்கிற காரியம் இல்லை. மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு, ஆட்கள் நுகத்தைப் பிடித்துத் தள்ளி உள்ளே விடுவார்கள். பிரித்துச் செய்கிற அந்தக் கட்டுமரப் புத்திதான் திரும்பவும்.

1950கள், 60களில் பிரித்தானியாவிலிருந்து இரண்டு சில்லு உழவு இயந்திரம் வந்தது. லாண்ட்மாஸ்டர் என்பது அதைச் செய்த கொம்பனியின் பெயர். பிறகு ஜப்பான் இயந்திரம் வந்தபோதும் சனம் அதையும் லாண்ட்மாஸ்டர் என்றே சொன்னது, இப்பவும் சொல்கிறது. அதை ஓட்டினவர்களுக்கு ஒரு விசயம் உடம்பிலேயே தெரியும். இடது கிளச்சைப் பிடித்தால் இடது சில்லு நிற்கும், இயந்திரம் இடப்பக்கம் திரும்பும். ஆனால் இறக்கத்தில், பாரமான பெட்டி பின்னால் இருந்து தள்ளிக்கொண்டு வரும்போது அதே இடது கிளச்சைப் பிடித்தால், விடுபட்ட இடது சில்லு வேகமாக உருண்டு இயந்திரம் வலப்பக்கம் இழுக்கும். இதைத் தெரியாமல் வாய்க்காலுக்குள் போனவர்கள் எத்தனை பேர். பாரம் இழுபடும்போது ஒரு சட்டம், பாரம் தள்ளும்போது அதற்கு நேர்மாறான சட்டம்.

நாலு சில்லு றக்ரரின் பெட்டியைப் பின்னுக்கு எடுப்பதிலும் இதே தலைகீழ்க் கணக்குத்தான். பெட்டி வலப்பக்கம் போகவேணும் என்றால் ஸ்ரேறிங்கை இடப்பக்கம் வெட்டவேணும். றக்ரரின் பின்பக்கம் இடதுக்குப் போக, கொழுக்கியும் அதோடு இடதுக்குப் போக, பெட்டியின் வால் வலதுக்குத் திரும்பும். பழகுகிற பெடியளுக்குச் சொல்லிக் குடுக்கிற ஒரு வழி இருக்கிறது: ஸ்ரேறிங்கின் அடிப்பக்கத்தில் கையை வை, பெட்டியின் வால் எந்தப் பக்கம் போகவேணுமோ அந்தப் பக்கம் கையைக் கொண்டு போ. மூளை குழம்பாது. ஆனால் திரும்பத் தொடங்கிய பெட்டி தானாக நிற்காது. உள்ளங்கையில் தும்புத்தடியை நிறுத்துகிற மாதிரி, விழத் தொடங்கும்போதே மற்றப் பக்கம் கொஞ்சம் பிடிக்கவேணும். பிந்தினால் பெட்டியும் றக்ரரும் கத்தரிக்கோல் மாதிரி மடியும். கொழுக்கியிலிருந்து சில்லு வரைக்கும் நீளம் குறையக் குறைய இன்னும் வேகமாக மடியும். சின்னப் பெட்டிதான் லேசு என்று நினைப்பவர்கள் ஒருக்கால் லாண்ட்மாஸ்டர் பெட்டியைப் பின்னுக்குத் தள்ளிப் பார்க்கவேணும்.

இப்ப அந்தப் பெட்டிக்கு மேல் இருபது அடிப் படகை ஏற்றுங்கோ. பெட்டியை விடப் படகு நீளம். அணியம் றக்ரரின் பக்கம், பின்பக்கம் சில்லைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். பெட்டி ஒரு சாண் திரும்பினால் அந்த வால் இரண்டு சாண் வீசும். சில்லு படலைக் கட்டையைத் தொடாமல் அழகாகப் போகும், ஓட்டுகிறவர் சந்தோசப்படுவார், படகின் மூலை போய்க் கட்டையில் இடிக்கும். அதேநேரம் றக்ரரின் முன்மூக்கு எதிர்வீட்டு வேலிக்குள் போயிருக்கும். அதனால் இது ஒருவர் செய்கிற வேலை இல்லை. ஒருவர் ஓட்ட, ஒருவர் படலையில் நிற்க, இன்னொருவர் எதிர்வேலியில் நிற்க, அவசியமில்லாமல் நாலு பேர் ஆளுக்கொரு பக்கம் கையைக் காட்ட. "அண்ணை, இடக்கை, இடக்கை!" "டேய் ஆற்ற இடக்கையடா?" இந்தக் கேள்விக்கு எந்த ஊரிலும் இன்னும் பதில் கண்டுபிடிக்கவில்லை. கடைசியில் பெரும்பாலும் பின்னைக் கழற்றி, றக்ரரை விலத்தி விட்டு, எல்லோரும் சேர்ந்து கையால் தள்ளித்தான் உள்ளே விடுவார்கள். மாட்டுவண்டில் காலத்தில் செய்த அதே வேலை.

எப்படி என்பது அவ்வளவுதான். ஏன் என்பதைச் சொல்லுவது கஷ்டம்.

1990இலிருந்து 1996 யூலை வரை முல்லைத்தீவு நகரம் இராணுவ முகாம். நகரத்துக் கடற்கரைச் சனம் தங்கள் கரையை விட்டு வெளியே இருந்தது, உள்ளே முள்ளியவளை, தண்ணீரூற்றுப் பக்கம் வந்தவர்களும் உண்டு. கடலுக்குத் தடை, எரிபொருளுக்குத் தடை. கரைக்கும் வீட்டுக்கும் இடையில் முதல் பிளவு அப்ப விழுந்தது. அதே 1990 ஒக்ரோபரில் தண்ணீரூற்றின் முஸ்லிம் மக்கள், வடக்கின் மற்ற முஸ்லிம்களோடு சேர்த்து, புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். வளவு, கிணறு, வண்டில், மாடு எல்லாம் விட்டுவிட்டுப் போனவர்கள். யார் எதை ஏற்றிக்கொண்டு போனார்கள் என்று எழுதுகிற கட்டுரையில், ஏற்ற விடாமல் அனுப்பப்பட்ட அயலவர்களைச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை.

அந்தக் காலத்தில் படகை றெயிலரில் ஏற்றி இறக்குவதைப் பெரிய அளவில் செய்தவர்கள் கடற்புலிகள். சண்டைப் படகு கரையில் நின்றால் வானத்திலிருந்து தெரியும். அதனால் உள்ளே மரங்களுக்குக் கீழே மறைத்து வைத்து, தேவையான நேரத்தில் கரைக்கு இழுத்து வந்து பின்பக்கமாகத் தண்ணிக்குள் இறக்கினார்கள். சண்டையைப் பற்றி எழுதியவர்கள் கடலில் நடந்ததைத்தான் எழுதியிருக்கிறார்கள். கிரவல் ஒழுங்கைக்குள்ளால் அந்தப் பாரத்தைக் கொண்டு போய்த் தண்ணியில் விட்ட வேலையைப் பற்றி ஒரு பந்திகூட நான் வாசித்ததில்லை. போர் முடிந்தபிறகு அந்தப் படகுகளில் சில புதுக்குடியிருப்பில் படையினரின் காட்சியகத்தில் வைக்கப்பட்டன. தெற்கிலிருந்து பஸ்களில் வந்த சனம் அவற்றுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு போனது.

நடுவில் 2004 டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை, நத்தாருக்கு மறுநாள். முல்லைத்தீவுக் கரையில் அன்று போன உயிர்களுக்கு முன்னால் படகுக் கணக்குப் பெரிதில்லை. ஆனால் தப்பினவர்களுக்குத் தொழில் இல்லாமல் போனது அதனால்தான். பிறகு உதவி வந்தது, பைபர் படகுகள் வந்தன. இலங்கை முழுக்கப் பார்த்தால் சில இடங்களில் தேவைக்கு மேலேயே வந்தன, அவற்றில் சில கடலுக்கு லாயக்கில்லாதவை. கூடவே ஒரு விதியும் வந்தது: கரையிலிருந்து இத்தனை மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200. பிறகு அதைத் தளர்த்தினார்கள். ஆனால் அதற்கிடையில் பல குடும்பங்களுக்கு வீடு ஒரு பக்கம், படகு ஒரு பக்கம் என்றாகிவிட்டது. வாசலில் இருந்து பார்த்தால் தெரிகிற தூரத்தில் படகு நின்ற காலம் போய்விட்டது. கண்ணுக்குத் தெரியாத படகுக்குக் காவல் வேணும்.

2006 டிசம்பரில் இன்னொரு காட்சி. அரிசி ஏற்றிவந்த ஜோர்தான் நாட்டுக் கப்பல் ஒன்று, 'ஃபாரா', முல்லைத்தீவுக் கரையோரம் தரைதட்டியது. வெள்ளமுள்ளிவாய்க்கால் கரையில் அந்த இரும்புக்கூடு வருசக்கணக்காக நின்றது. எந்த றக்ரராலும் அதை அசைக்க முடியவில்லை, கடைசியில் வெட்டித்தான் எடுத்தார்கள். அதுவும் பிரித்துத் தூக்கிய கதைதான்.

2008 கடைசியிலும் 2009 தொடக்கத்திலும் றக்ரர் பெட்டிதான் வன்னிச் சனத்தின் வீடு. கூரைத் தகரம், கதவு, நெல்லுமூட்டை, கோழி, மேலே பிள்ளைகள். விசுவமடு, புதுக்குடியிருப்பு, பிறகு கடற்கரைப் பக்கம். முல்லைத்தீவு நகரம் 2009 ஜனவரி 25 அன்று படையினரிடம் போனது. அந்த வீதிகளில் நின்றவர்கள் சொல்லுகிற ஒரு விசயம்: முன்னுக்கும் பின்னுக்கும் பெட்டி, பெட்டியைத் திருப்ப இடமில்லை, றிவேஸ் எடுக்க இடமில்லை. எவ்வளவு கைதேர்ந்த ஓட்டியாக இருந்தாலும் முன்னால் நிற்கிறவர் நகர்ந்தால்தான் நகரலாம். முள்ளிவாய்க்காலில் விடப்பட்ட றக்ரர்களும் பெட்டிகளும் மோட்டார் சைக்கிள்களும் துருப்பிடித்துக் குவியல் குவியலாகப் பல காலம் கிடந்ததைப் பிறகு போன எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதில் யாருடைய பெட்டியில் என்ன இருந்தது என்று யாரும் பட்டியல் எடுக்கவில்லை.

திரும்பி வந்தவர்களுக்குக் கரை பழைய கரையாக இல்லை. கொக்கிளாய், நாயாறு பக்கம் யார் எங்கே வாடி போடுவது, யார் எங்கே வலை இழுப்பது என்ற தகராறு வருசா வருசம் நடக்கிறது. 2018 ஆகஸ்டில் நாயாற்றில் தமிழ் மீனவர்களின் வாடிகள், படகுகள், வலைகள் ஒரே இரவில் எரிந்தன. பைபர் எப்படி எரியும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். மரம் எரிந்தால் கரியாவது மிஞ்சும், பைபர் எரிந்தால் வெறும் கண்ணாடிநார்தான் மிஞ்சும். அதற்கு இரண்டு வருசம் கழித்து, 2020 டிசம்பர் தொடக்கத்தில், புரெவிப் புயல் முல்லைத்தீவுக்குத் தெற்கே, திருகோணமலைக்கு வடக்கே கரையைக் கடந்தது. படகை வைத்திருக்கிறவர் கரையைப் பற்றிக் கணக்குப் போட்டால் கடல், நெருப்பு, காற்று, களவு எல்லாம் அதில் வரும். வாடைக்காலம் தொடங்க முதல் ஒரு றக்ரரைப் பிடித்து, பத்துக் கிலோமீற்றர் இழுத்து வந்து, மாமி வீட்டு வளவிலோ தங்கச்சி வீட்டு வளவிலோ கவிழ்த்து வைப்பது அவருக்கு வீண்செலவாகத் தெரியாது. கவிழ்த்து வைத்தால் மழைத்தண்ணி நிற்காது, அடிப்பக்க வெடிப்பைப் பார்த்துப் பைபர் ஒட்டலாம். கோழிகளுக்கும் அது தோதான இடம், முட்டை தேடுகிற ஆட்களுக்குத்தான் முதுகு நோகும்.

போருக்குப் பிறகு எங்கட பக்கம் எழும்பிய வீடுகளில் பெரும்பங்கு வீட்டுத்திட்ட வீடுகள். இந்திய வீட்டுத்திட்டத்தின் கணக்கு 550 சதுரஅடி: அறை, விறாந்தை, குசினி. உழவு இயந்திரத்துக்கு இடமில்லை, வலைக்கு இடமில்லை, படகைப் பற்றிப் பேச்சே இல்லை. வரைபடம் கீறினவர்களைக் குறை சொல்லுவதும் சரியில்லை, காசு அவ்வளவுதான். ஆனால் தொழில் செய்கிற குடும்பத்துக்கு வீடு என்றால் வளவும் சேர்த்துத்தான் என்பதை அந்தக் கணக்கு விட்டுவிட்டது. சனம் தாங்களாகவே பக்கத்தில் தகரக் கொட்டில் போட்டுக்கொண்டது.

இப்ப கிடுகுவேலி போய் மதில் வருகிறது. வேலி என்றால் படகு வருகிற அன்றைக்கு இரண்டு கதியாலைப் பிடுங்கி, வரிச்சை அவிழ்த்து, படகை விட்டுவிட்டுத் திரும்பக் கட்டலாம். மதிலை அப்படி அவிழ்க்க முடியாது. மேசன் பத்தடிப் படலைக்குத்தான் அடையாளம் போடுவார், காருக்கு அது தாராளம். எங்கட ஒழுங்கையில் போனமாதம் மதிலுக்கு அத்திவாரம் வெட்டின ஒரு அக்கா, கயிறு பிடித்துக்கொண்டு நின்று பதினாலு அடி விடச் சொன்னா. அவவின்ர தம்பி அளம்பில் கரையில் தொழில் செய்கிறவர். இரும்புப் படலைக்குக் காசு கூட வரும் என்று மேசன் சொன்னார். அப்ப படலை பிறகு போடலாம், இப்ப இடத்தை விடுங்கோ என்றா. இப்போதைக்கு அந்தப் பதினாலு அடிக்கும் இரண்டு பனங்கட்டையைக் குறுக்கே போட்டிருக்கு.